விளம்பரச் செலவைக் கூட்டும் முன் கன்வெர்ஷன் கணக்கைச் சரிபாருங்கள்

ஆன்லைன் கடை வைத்திருப்பவர்கள் விளம்பரம் சரியாக ஓடவில்லை என்று வந்தால், நான் முதலில் விளம்பரத்தைத் திறப்பதில்லை. கடையின் ஆர்டர் பட்டியலையும் விளம்பரக் கணக்கில் பதிவான கன்வெர்ஷன்களையும் (விளம்பரத்தால் வந்து வாங்குவது போல நாம் எண்ணும் செயல்களையும்) அருகருகே வைத்துப் பார்ப்பேன். பாதிப் பிரச்சினை அங்கேயே தெரிந்துவிடும். ஒரு கடையில், மொத்தமாக வந்த ஆர்டர்களைவிட விளம்பரம் கொண்டுவந்ததாகச் சொல்லும் ஆர்டர்கள் அதிகமாக இருக்கும். இன்னொரு கடையில் விற்பனை நன்றாகவே நடக்கும், ஆனால் விளம்பரக் கணக்கில் பூஜ்யம்.

ரிப்போர்ட்டில் ஏதோ சின்னக் குளறுபடி என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள். கூகுள் ஆட்ஸ், மெட்டா (ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம்) இரண்டிலும் யாருக்கு விளம்பரத்தைக் காட்டுவது, அதற்கு எவ்வளவு ஏலம் கேட்பது என்பதை இன்று பெரும்பாலும் தானியங்கி முறைதான் முடிவு செய்கிறது. எப்படிப்பட்டவர்கள் வாங்குகிறார்கள் என்று அது கற்றுக்கொள்வது நாம் அனுப்பும் கன்வெர்ஷன்களை வைத்துத்தான். அந்தக் கணக்கு தப்பாக இருந்தால், நம் பணத்தை எடுத்துக்கொண்டு தப்பான ஆட்களைத் தேடிப் போகும்.

அடிப்படை எளிமையானது. கூகுள் விளம்பரத்தை ஒருவர் கிளிக் செய்ததும், இணைய முகவரியின் கடைசியில் ஜிசிஎல்ஐடி என்ற அடையாள எண் ஒட்டிக்கொண்டு வரும். கடையின் பக்கங்களில் உள்ள டேக் என்ற சின்ன நிரல் அதை எடுத்துக் குக்கீயில், அதாவது பிரவுசர் சேமிக்கும் சிறு குறிப்பில், வைத்துக்கொள்ளும். அவர் பொருள் வாங்கி நன்றிப் பக்கத்துக்கு வந்ததும், 'இந்தக் கிளிக்கில் வந்தவர் இவ்வளவுக்கு வாங்கினார்' என்று டேக் தகவல் அனுப்பும். இதில் எந்தக் கண்ணி அறுந்தாலும் விற்பனை விளம்பரத்தோடு சேராது. பலர் கவனிக்காத ஓர் இடம் ரீடைரக்ட். விளம்பரத்தில் பழைய முகவரி இருக்கும், அது புதிய முகவரிக்குத் திருப்பிவிடும், திருப்பும்போது அடையாள எண் உதிர்ந்துவிடும். விளம்பரத்தில் கொடுத்த முகவரியின் கடைசியில் அந்த அடையாளத்தை (gclid=) போட்டு, சோதனைக்கு ஏதாவது ஒரு மதிப்பைக் கொடுத்துத் திறந்து பாருங்கள். பக்கம் முழுதாக வந்த பிறகும் முகவரிப் பட்டையில் அது இருக்கிறதா? இல்லையென்றால் வேறு எதையும் தொடும் முன் அதைச் சரிசெய்ய வேண்டும்.

நான் அதிகம் பார்ப்பது இரட்டைக் கணக்கைத்தான். கடையின் தீமில் (தோற்ற வடிவமைப்பில்) யாரோ எப்போதோ ஒட்டிய பிக்சல் ஒன்று இருக்கும், அதுவும் டேக் போல விற்பனையைப் பதிவு செய்யும் நிரல்தான். அப்புறம் கூடுதல் வசதிக்காக ஒரு பிளக்இன் போட்டிருப்பார்கள், அதுவும் பிக்சலைச் சேர்க்கும். பிறகு வந்தவர் டேக்குகளை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் டேக் மேனேஜர் வழியாக இன்னொன்றை வைத்திருப்பார். ஒரு ஆர்டர், மூன்று பதிவு. இதோடு, வாங்கியவர் டெலிவரி விவரம் பார்க்க நன்றிப் பக்கத்தை மறுபடி திறக்கும்போதெல்லாம் இன்னொரு பதிவு. கூகுள் டேக்கில் ஆர்டர் எண்ணை டிரான்சாக்‌ஷன் ஐடியாக அனுப்பினால், ஒரே கன்வெர்ஷன் ஆக்‌ஷனில் அதே எண் மறுபடி வரும்போது கூகுள் அதைச் சேர்க்காது. ஆனால் ஜிஏ4-இலிருந்து (கூகுள் அனலிட்டிக்ஸ்) இறக்குமதி செய்த பர்சேஸ் ஒன்று, கூகுள் ஆட்ஸின் சொந்த டேக் ஒன்று என இரண்டு தனித்தனி ஆக்‌ஷன்களையும் பிரைமரியாக, அதாவது ஏலத்தை முடிவு செய்யப் பயன்படுவதாக, வைத்திருந்தால் இந்தப் பாதுகாப்பு உதவாது. ஒன்றை மட்டும் பிரைமரியாக வையுங்கள், மற்றதை, பார்வைக்கு மட்டும் இருக்கும் செகண்டரிக்கு மாற்றுங்கள்.

கார்ட்டில் சேர்ப்பதையும் பிரைமரியாக வைப்பவர்கள் இருக்கிறார்கள். எண்ணிக்கை பெரிதாகத் தெரியும், மனதுக்கும் நிறைவாக இருக்கும். இயந்திரமோ கார்ட்டில் போட்டுவிட்டுப் போய்விடுபவர்களைத் தேடித் தேடிக் கொண்டுவரும். விற்பனைதான் நோக்கம் என்றால் பர்சேஸை மட்டும் பிரைமரியாக வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

குறைவாகப் பதிவாவதற்குப் பெரிய காரணம், வாங்குபவரிடமிருந்து பணத்தைப் பெற்றுத்தரும் பேமென்ட் கேட்வே. வாங்குபவர் பணம் கட்ட வேறு தளத்துக்கோ வங்கி ஆப்புக்கோ போவார். பணம் போய்விட்டது என்ற செய்தி வந்ததும் அங்கேயே மூடிவிடுவார். ஆர்டர் கடைக்கு வந்துவிடும், நன்றிப் பக்கம் மட்டும் திறந்திருக்காது. டேக் அந்தப் பக்கத்தில் இருப்பதால் விளம்பரக் கணக்குக்கு அந்த விற்பனையே தெரியாது. திரும்பி வருபவர்களிடமும் ஒரு சிக்கல் உண்டு: ஜிஏ4, கேட்வேயின் தளத்தை விற்பனை கொண்டுவந்த இடமாக எழுதிவிடலாம். ஜிஏ4-இன் தவிர்க்க வேண்டிய ரெஃபரல் பட்டியலில் (விற்பனை கொண்டுவந்த இடமாக எண்ணக் கூடாத தளங்களின் பட்டியல்) கேட்வேயின் டொமைனைச் சேர்த்தால் அது சரியாகும். பதிவே ஆகாததற்குத் தீர்வு, பணம் வந்ததை உறுதி செய்யும் உங்கள் சர்வரிலிருந்தே தகவலை அனுப்புவது. மெட்டாவில் இதற்கு கன்வெர்ஷன்ஸ் ஏபிஐ இருக்கிறது. பிரவுசர், சர்வர் இரண்டிலிருந்தும் அனுப்பினால் ஈவென்ட் (பதிவாகும் செயல்) பெயரும் ஈவென்ட் ஐடியும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். மாறினால் ஒரே விற்பனை இரண்டாக எண்ணப்படும்.

மதிப்பையும் பாருங்கள். ஒவ்வொரு ஆர்டருக்கும் 1 என்றே போய்க்கொண்டிருக்கும் கணக்குகள் உண்டு. பெரிய தொகைகளில் நடுவே காற்புள்ளி சேர்ந்து, எண்ணாகவே எடுத்துக்கொள்ளப்படாமல் போவதும் உண்டு. நாணயக் குறியீடும் கூடவே போகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

சோதனைக்கு ஒரு உண்மையான ஆர்டரைக் கைபேசியில் போடுங்கள், பணம் கட்டுவது வரைக்கும் போங்கள். பிறகு அதே பாதையைக் கணினியில், டேக் ஓடுவதைக் காட்டும் கூகுளின் டேக் அசிஸ்டன்ட் வழியாகவும், மெட்டாவின் டெஸ்ட் ஈவென்ட்ஸ் வழியாகவும் நடந்து பாருங்கள். நன்றிப் பக்கத்தில் பர்சேஸ் ஒரே ஒருமுறை வர வேண்டும், ஆர்டர் எண்ணும் தொகையும் ரசீதில் உள்ளபடி இருக்க வேண்டும். பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்து இன்னொருமுறை பாருங்கள். விளம்பரத்தைக் கிளிக் செய்யாமல் போட்ட ஆர்டர் கூகுள் ஆட்ஸ் கன்வெர்ஷனில் வராது. அதைப் பார்த்துப் பதறி டேக்கை மாற்றிவிடாதீர்கள்.

எல்லாம் சரியாக இருந்தாலும் இரண்டு கணக்கும் அச்சுப் பிசகாமல் ஒத்துப்போகாது. கூகுள் ஆட்ஸ் விற்பனையைக் கிளிக் நடந்த தேதியில் எழுதும், கடை ஆர்டர் வந்த தேதியில் எழுதும். ஒரே ஆர்டருக்குக் கூகுளும் மெட்டாவும் தனித்தனியாக உரிமை கொண்டாடும். பக்கத்திலுள்ள ஸ்கிரிப்ட் (நிரல்) வைக்கும் குக்கீகளை ஆப்பிளின் சஃபாரி பிரவுசர் அதிகபட்சம் 7 நாள்தான் வைத்திருக்கும். 2021 ஏப்ரலில் ஐஓஎஸ் 14.5 வந்த பிறகு, ஆப்கள் ஒருவரைப் பின்தொடர அவரிடமே அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. அதனால் இடைவெளி இருப்பது இயல்பு. வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்த இடைவெளி திடீரென்று விரிந்தால்தான் ஏதோ உடைந்திருக்கிறது என்று அர்த்தம். தீம் மாற்றிய நாளையும் பிளக்இன் அப்டேட் செய்த நாளையும் முதலில் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. நன்றிப் பக்கத்தின் முகவரியிலேயே வாடிக்கையாளரின் மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும் தெரிகிற கடைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த முகவரி, பக்கத்திலுள்ள ஒவ்வொரு டேக்குக்கும் அப்படியே போகும். அது உங்களை நம்பிக் கொடுத்த தகவல். கன்வெர்ஷனைப் பொருத்துவதற்கு மின்னஞ்சல் தேவைப்பட்டால், வாடிக்கையாளரின் ஒப்புதலோடு, ஷா-256 முறையில் ஹாஷ் செய்து (நேராகப் படிக்க முடியாத குறியீடாக மாற்றி) அனுப்பும் வசதி இரண்டு தளங்களிலும் இருக்கிறது. முகவரியில் தெரிகிறதென்றால் இன்றைக்கே டெவலப்பரிடம் சொல்லி எடுக்கச் சொல்லுங்கள்.