மதிப்பிறக்கம்: ரூபாய் இறங்கியதா, இறக்கினார்களா?

2016 நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். நம் பத்திரிகைகள் அதற்குப் ‘பணமதிப்பிழப்பு’ என்று பெயர் வைத்தன. அன்றிலிருந்து குழப்பம்தான். செல்லாமல் போனது அந்த நோட்டுகள். ரூபாயின் மதிப்பு அல்ல. ‘செல்லாததாக்கல்’ என்றால் போதும். செல்லாக்காசு என்ற சொல்லை வைத்திருக்கும் மொழிக்கு இது ஒன்றும் பெரிய வேலையில்லை.

சரி, ‘மதிப்பிறக்கம்’ என்று நாம் எழுதும் ‘டிவேல்யுவேஷன்’ வேறு. லத்தீனில் ‘வலேரே’ என்றால் வலுவாக இருத்தல். ‘டி’ கீழ்நோக்கிய முன்னொட்டு. (வலிமை என்று பொருள்படும் நம் ‘வலி’யோடு ஒலி ஒத்துப்போவது தற்செயல், உறவு கொண்டாட வேண்டாம்.) அயல்நாட்டு நாணயத்துக்கு எதிராகத் தன் நாணயத்துக்கு அரசு வைத்திருக்கும் விலையை அரசே தாழ்த்துவதுதான் அது. சந்தையில் தானாகச் சரிந்தால் ‘டிப்ரிசியேஷன்’.

இந்த வேறுபாட்டைத் தமிழ் இலக்கணமே காட்டிவிடும். இறங்கு தன்வினை, இறக்கு பிறவினை. 1966 ஜூன் 6 அன்று டாலர் 4.76 ரூபாயிலிருந்து 7.50 ஆனது. ரூபாய் தானாக இறங்கவில்லை, இறக்கினார்கள். இந்திரா காந்தி அரசு எடுத்த அந்த முடிவைக் காங்கிரஸ் தலைவர் காமராஜரே ஏற்கவில்லை. 1991இல் ஜூலை 1, 3 என இரண்டு தவணையாக இறக்கினார்கள். இரண்டாவதை நிறுத்தச் சொல்லி நிதியமைச்சர் மன்மோகன் சிங் தொலைபேசியில் கூப்பிட்டபோது, ரிசர்வ் வங்கி துணை கவர்னர் ரங்கராஜன் அறிவிப்பை வெளியிட்டு முடித்திருந்தார்.

‘இறக்கம்’ என்ற பெயர்ச்சொல்தான் கொஞ்சம் வழுக்குகிறது. சாலையின் இறக்கத்தை யாரும் இறக்குவதில்லை. ஆகவே டிவேல்யுவேஷனுக்கு ‘மதிப்புக் குறைப்பு’, டிப்ரிசியேஷனுக்கு ‘மதிப்புச் சரிவு’ என்பதே என் கட்சி. ‘மதிப்பிறக்கம்’தான் வேண்டும் என்றால் வினையையாவது சரியாகப் போடுங்கள்: ‘மதிப்பிறக்கம் செய்தது’.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று உண்டு, அதற்குத்தான் நல்ல சொல் கிடைக்கவில்லை. இலங்கை மத்திய வங்கி பல மாதங்கள் டாலரை 200 ரூபாவை ஒட்டிப் பிடித்து வைத்திருந்தது. டாலர் கையிருப்பு கரைந்த பிறகு, 2022 மார்ச் 7 அன்று 230 வரை போகலாம் என்று கயிற்றைத் தளர்த்தியது. இறக்கியது என்பதா, விட்டுவிட்டது என்பதா? தமிழில் ‘நாணயம்’ என்றால் காசு, நேர்மை இரண்டும்தான். கையில் டாலர் இல்லாத வங்கி சொன்ன 230ஐச் சந்தை நாணயமான பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏப்ரலில் டாலர் 300 ரூபாவைத் தாண்டியிருந்தது.