வேப்பமரத்தின் எடை எங்கிருந்து வந்தது?

எட்டாம் வகுப்புக்கு ஒளிச்சேர்க்கை நடத்தி முடித்துத் தேர்வும் வைத்தேன். சமன்பாட்டைப் பெரும்பாலும் தப்பில்லாமல் எழுதியிருந்தார்கள். தாள்களைக் கொடுத்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே நின்ற வேப்பமரத்தைக் காட்டிச் சும்மா கேட்டேன்: "இம்மாம் பெரிய மரத்தோட எடையெல்லாம் எங்கேயிருந்து வந்துச்சு?"

"மண்ணுல இருந்து டீச்சர்!"

முழு மதிப்பெண் வாங்கியவர்களும் சேர்ந்துதான் கத்தினார்கள். இந்தக் கேள்வியைக் கேட்காமலே எத்தனை வருஷம் இதே பாடத்தை நடத்தியிருக்கிறேன் என்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

பிள்ளைகள் கண்ணால் பார்ப்பதைத்தான் சொல்கிறார்கள். வேர் மண்ணுக்குள் இருக்கிறது, உரம் போட்டால் பயிர் தழைக்கிறது. "செடிக்கு அதுதான் சாப்பாடு" என்று பெரியவர்களும் சொல்கிறோம். பாடத்தில் படித்தது பரீட்சைக்கு, வயலில் பார்த்தது நிஜத்துக்கு என இரண்டும் ஒன்றோடொன்று முட்டாமல் தலைக்குள் குடியிருக்கின்றன. "தப்பு, காற்றிலிருந்து வந்தது" என்று நான் சொன்னால் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். அவ்வளவுதான்.

அதனால் ஏன் மண் என்று கேட்டேன். ஒரு பெண் எழுந்தாள். "மண்ணுல ஒண்ணும் எடுக்கலைன்னா எங்கப்பா ஏன் மூட்டை மூட்டையா யூரியா வாங்குறாங்க?"

நியாயமான கேள்வி. யூரியாவிலிருந்து செடிக்கு நைட்ரஜன் கிடைக்கிறது. அது இல்லாமல் வளராது. ஆனால் குழம்புக்கு உப்பு மாதிரி, தேவைப்படுவது கொஞ்சம்தான்.

அப்புறம் ஹெல்மான்ட் கதையைச் சொன்னேன். பிரஸ்ஸல்ஸைச் சேர்ந்த விஞ்ஞானி, 17ஆம் நூற்றாண்டு. உலர்ந்த மண் 200 பவுண்டு எடுத்து அதில் 5 பவுண்டு வில்லோ கன்றை நட்டு, 5 ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டு ஆனது. மண்ணில் குறைந்தது வெறும் 2 அவுன்ஸ். அப்படியென்றால் மரம் முழுக்கத் தண்ணீர்தான் என்று முடிவு கட்டினார். கரி எரியும்போது வரும் வாயுவை, அதாவது இன்று நாம் கார்பன் டை ஆக்சைடு என்பதைப் பற்றி எழுதியவரும், 'கேஸ்' என்ற சொல்லைப் படைத்தவரும் இதே மனிதர்தான். மரத்துக்குக் கார்பனைக் கொடுத்த வாயுவைக் கையில் வைத்துக்கொண்டே கோட்டைவிட்டார்! காய்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கார்பன். பிள்ளைகளுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்தது. பெரிய ஆளே தப்பு செய்திருக்கிறாரே.

"ஆனா காத்துக்கு ஏது டீச்சர் எடை?" என்றான் கடைசி பெஞ்சுப் பையன்.

முடிச்சு அங்கேதான் இருந்தது. காற்றுக்கு எடையே இல்லை என்று நம்பும் பிள்ளை, காற்றிலிருந்து மரம் வந்தது என்பதை எப்படி நம்பும்?

மறுநாள், வீட்டில் கேக் செய்யும் சக ஆசிரியையிடம் டிஜிட்டல் தராசை இரவல் வாங்கினேன். உருண்டையாக இருந்தாலும் அமுக்கினால் தளரும் கால்பந்து ஒன்று, கூடவே பம்ப். காற்றடித்தால் எடை கூடுமா, குறையுமா? முதலில் கை தூக்க வைத்தேன். முன்கூட்டியே சொல்ல வைக்காமல் சோதனை காட்டினால் "எனக்கு அப்பவே தெரியும்" என்று நழுவிவிடுவார்கள். குறையும் என்றவர்கள்தான் அதிகம். பலூன் பறப்பதைப் பார்த்தவர்களாயிற்றே. பந்தைக் கல்லுமாதிரி ஆகும்வரை அடித்துத் தராசில் வைத்தோம். 4 கிராம் கூடியிருந்தது. தராசு கெட்டுப்போச்சு என்றான் அதே பையன். காற்றை இறக்கி, திரும்ப அடித்து, அவனையே நிறுக்கச் சொன்னேன்.

இதற்கே இரண்டு பீரியட் போய்விட்டது. அடுத்த பாடம் பின்தங்கியதற்குத் திட்டும் வாங்கினேன்.

அடுத்த தேர்வில் அந்தக் கேள்வியை மறுபடி வைத்தேன். "பாதி மண்ணு, பாதி காத்து" என்று எழுதியிருந்தான் அவன். முழு மதிப்பெண் போடவில்லை. மறுநாள் அவனைத்தான் முதலில் பேசச் சொன்னேன்.