டிஸ்டன்ஸ் வெக்டர்: தூரக் காவி

இலங்கையில் தமிழ்மொழி மூலம் உயர்தரத்தில் கணிதம் படித்தவர்களுக்கு வெக்டர் என்றால் காவி, ஸ்கேலர் என்றால் எண்ணி. தமிழ்நாட்டில் வெக்டரைத் திசையன் என்பார்கள். கணினி வலையமைப்புப் பாடத்தில், ரௌட்டர்கள் (தரவை வலையமைப்புகளுக்கு நடுவில் வழிகாட்டி அனுப்பும் கருவிகள்) வழி கண்டுபிடிக்கும் ஒரு முறைக்கு டிஸ்டன்ஸ் வெக்டர் என்று பெயர். அங்கே இரண்டில் எதை எடுப்பது?

வெக்டர் லத்தீன் சொல். சுமந்து செல்பவர் என்று பொருள். 19ஆம் நூற்றாண்டில் ஐரிஷ் கணிதவியலாளர் ஹாமில்டன் அதைக் கணிதத்துக்குள் கொண்டுவந்தார். அளவும் திசையும் உள்ள கணியம் என்ற பொருள் அப்படி வந்ததுதான். காவுதல் என்றாலும் சுமத்தல்தான். மலையகத்தில் நாங்கள் பேச்சில் ‘தூக்கிட்டுப் போறது’ என்போம். ‘காவிக்கொண்டு போறது’ யாழ்ப்பாணப் பக்கத்துப் பேச்சு. ஆனாலும் நுளம்பை நோய்க்காவி என்று படித்தவர்கள்தானே நாங்களும்.

கணினித் துறையில் வெக்டருக்கு இன்னொரு பொருள் உண்டு: வரிசையாக அடுக்கிய எண்கள். இங்கே பொருந்துவது அதுதான். தூரமும் திசையும் சேர்ந்ததால் இந்தப் பெயர் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. ஒரு ரௌட்டர் பக்கத்து ரௌட்டருக்கு அனுப்புவது ‘இந்த வலையமைப்பு என்னிடமிருந்து இத்தனை தாவல்’ என்ற பட்டியலை மட்டும்தான். ஒரு ரௌட்டரிலிருந்து அடுத்ததுக்குப் போவது ஒரு தாவல். திசை அதில் எழுதப்பட்டிருக்க வேண்டியதில்லை. எந்தப் பக்கத்திலிருந்து பட்டியல் வந்ததோ அதுதான் திசை. அதனால் திசையனைவிடக் காவியே மேல். தூரக் காவி என்று சொல்லிவிடலாம்.

ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா மூன்றிலும் ஒவ்வொரு ரௌட்டர், ஒரே வரிசையில் இணைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நானுஓயாவுக்குத் தனக்கு 1 தாவல் என்று தலவாக்கலை சொல்கிறது. ஹட்டன் அதோடு 1 கூட்டி, ‘எனக்கு 2, தலவாக்கலை வழியாக’ என்று குறித்துக்கொள்கிறது. பல பக்கத்தில் பட்டியல் வந்தால் குறைந்த கூட்டுத்தொகை எதுவோ அதை வைத்துக்கொள்ளும். முழு வரைபடம் யாரிடமும் இல்லை. இந்தக் கணக்கு 1950களில் அமெரிக்கக் கணிதவியலாளர்கள் பெல்மனும் ஃபோர்டும் தந்தது. 1969இல் தொடங்கிய, இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டும் முதலில் இப்படித்தான் வழி கண்டுபிடித்தது.

கோளாறு எங்கே என்றால், தலவாக்கலைக்கும் நானுஓயாவுக்கும் நடுவில் இணைப்பு அறுந்தால். தலவாக்கலை வழியில்லாமல் நிற்கும்போது ஹட்டனின் பழைய பட்டியல் வந்து சேர்கிறது: ‘நானுஓயா, 2’. அந்த 2 தன் வழியாகப் போன கணக்கு என்று தலவாக்கலைக்குத் தெரியாது. சரி, ஹட்டன் வழியாக 3 என்று எழுதிக்கொள்கிறது. அதைக் கேட்டு ஹட்டன் 4 என்கிறது. அப்புறம் 5, 6... நானுஓயாவுக்குப் போகவேண்டிய தரவுப் பொட்டலங்கள் இரண்டு ஊருக்கும் நடுவில் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இதை எங்காவது நிறுத்தியாக வேண்டும். இந்த முறையில் இயங்கும், 1988இல் ஆவணமாக வந்த ரிப் (RIP) நெறிமுறையில் 15 தாவல்தான் எல்லை. 16 என்றால் முடிவிலி, அதாவது வழி இல்லை. பட்டியல் 30 வினாடிக்கொரு முறை போகும். 180 வினாடி வரை ஒரு வழியைப் பற்றிச் செய்தி வராவிட்டால் அது செத்த கணக்கு. எல்லையைக் கூட்டினால் வலையமைப்பு பெரிதாகலாம், ஆனால் தவறான எண்ணிக்கையும் அவ்வளவு நேரம் ஏறும்.

இன்னொரு வைத்தியம், யாரிடம் கேட்டதோ அவரிடமே அதைத் திருப்பிச் சொல்லாதிருப்பது. அதற்குப் பெயர் ஸ்பிளிட் ஹொரைசன். சொல்லியே ஆக வேண்டுமென்றால் 16 என்று சொல்வது பாய்சன் ரிவர்ஸ். இரண்டு ரௌட்டருக்கு நடுவே உள்ள சுற்றலை இவை தடுக்கும். மூன்று ரௌட்டர் வளையமாக மாட்டிக்கொண்டால் போதாது.

இன்றைய இணையத்தின் பெரிய வலையமைப்புகளை இணைக்கும் பிஜிபி (BGP) நெறிமுறை, தூரத்துக்குப் பதில் போகும் பாதையையே, அதாவது வழியில் உள்ள வலையமைப்புகளின் எண்களை, சொல்லி அனுப்புகிறது. அந்தப் பாதையில் தன் சொந்த எண் இருந்தால், பெறுகிற வலையமைப்பு அதைத் தள்ளிவிடும். இதற்குப் பாத் வெக்டர் என்று பெயர். பாதைக் காவி என்றால் இங்கே படித்தவர்களுக்குப் புரியும்.