மேனேஜர்: மேலாளரா, பொறுப்பாளரா?

கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை செக்போஸ்ட்டைத் தாண்டியதும் கடைப் பலகைகளில் எழுத்து மாறிவிடும். பேச்சு அவ்வளவு சட்டென்று மாறாது. பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று போகப் போக மெல்ல மாறும். மேனேஜர் என்ற சொல் மட்டும் இரண்டு பக்கமும் அப்படியே இருக்கும். நாகர்கோவில், குழித்துறைப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்கு வேலைக்குப் போகிறவர்கள் காலை ரயிலில் "மேனேஜர் லீவு தரமாட்டேங்காரு" என்பார்கள். பக்கத்து இருக்கை மலையாளியும் அதே குறையை அதே சொல்லை வைத்துத்தான் சொல்வார். 1990-இல் தொடங்கிய அந்தத் தொழில்நுட்பப் பூங்காவில், யாருக்கும் மேலே இல்லாத மேனேஜர்களும் இருக்கிறார்கள். இந்தச் சொல்லுக்குச் சரியான தமிழ் எது என்ற கேள்வியில் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் சொல்லின் பிறப்பு. ஆங்கிலத்துக்கு இது இத்தாலியிலிருந்து 16-ஆம் நூற்றாண்டில் வந்தது. இத்தாலிய மொழியில் மனெஜ்ஜாரே என்றால் கையாளுதல், குறிப்பாகக் குதிரையைப் பழக்கி நடத்துதல். அதற்கு அடிப்படை மனோ, அதாவது கை. இன்னும் பின்னால் போனால் லத்தீன் மனுஸ். மேனுவல், மேனுஃபேக்சரிங் ஆகிய சொற்களுக்கும் அதே வேர்தான். பிறகு வீட்டுச் செலவைச் சிக்கனமாக நடத்துவதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் ஒன்றும் வந்து கலந்துகொண்டது. ஆக, கடிவாளம் பிடித்த கை பாதி, வீட்டுக்கணக்கு பார்த்த கை பாதி. உயரம், பீடம், மேல், கீழ் எதுவும் அந்தச் சொல்லுக்குள் கிடையாது.

கையை வைத்து நாமும் ஒரு சொல் செய்திருக்கிறோம், ஆனால் அது எதிர்த்திசையில் போய்விட்டது. கையாள் என்பது வினையாக இருக்கும்வரை கௌரவமான சொல். பெயர்ச்சொல்லானால் கொத்தனாருக்குச் சாந்து குழைத்துக் கொடுப்பவர். குமரி மாவட்டத்திலும் சரி, அப்பால் மலையாளத்திலும் சரி, கட்டட வேலையில் கையாள் என்றால் உதவியாள்தான். அரசியலில் சொன்னால் அடியாளுக்குக் கொஞ்சம் முந்தின படி. வேர்ப்பொருளை அப்படியே எடுத்து மேனேஜரைக் கையாளர் என்று அழைத்தால் யாரும் ஏற்கமாட்டார்கள்.

பேச்சுத்தமிழ் இதை வேறு விதமாகத் தீர்த்துக்கொண்டது. "சம்பளம் பத்தாது, எப்படியோ மேனேஜ் பண்றேன்" என்று சொல்லும்போது மேனேஜ் என்பது சமாளிப்பு. ஆங்கிலத்திலும் அந்தப் பொருள் உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் ஆளை நடத்தும் பொருளைவிடச் சமாளிக்கும் பொருளே அதிகம் புழங்குகிறது. ஐடி கம்பெனியில் முதல் தடவை டீம் லீட் ஆனவர்களைக் கேட்டால், இரண்டும் ஒன்றுதான் என்பார்கள்.

இனி மேலாளர். மேல் என்பதோடு ஆளர் சேர்ந்த சொல். பேச்சாளர், எழுத்தாளர், தொழிலாளர் போன்றவற்றில் வரும் அதே ஆளர்தான். வங்கியில் கிளை மேலாளர், ரயில்வேயில் பொது மேலாளர் என்று அலுவல் தமிழில் நன்றாக ஊன்றிவிட்டது. இன்று அதைப் பிடுங்குவதில் அர்த்தமில்லை. மேலாண்மை என்ற சொல்லும் பாடப்புத்தகம், பட்டப்படிப்பு எல்லாவற்றிலும் பரவிவிட்டது. ஓர் ஊரில் ஒரு கிளை, அந்தக் கிளைக்கு ஒரு தலை, அவருக்குக் கீழே காசாளர், எழுத்தர் என்ற அமைப்புக்கு மேலாளர் பொருத்தமான பெயர்தான்.

ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கத்தில் நின்று கேட்டால் அந்தச் சொல் வேறு மாதிரி ஒலிக்கும். மலையாளத்தில் மேலாளன் என்றால் ஆதிக்கத்தில் இருப்பவன், மேல்சாதிக்காரன். அவனுக்கு எதிர்ச்சொல் கீழாளன். ஒடுக்கப்பட்டோர் வரலாற்றைப் பற்றி மலையாளத்தில் எழுதுகிறவர்கள் கீழாளர் என்ற சொல்லைத்தான் ஆள்கிறார்கள். எனவே தமிழ் படிக்கத் தெரிந்த ஒரு மலையாளி நம் வங்கிப் பலகையில் கிளை மேலாளர் என்று பார்த்தால் ஒரு நொடி துணுக்குறுவார், இல்லையென்றால் சிரித்துவிடுவார். தென் திருவிதாங்கூராக இருந்த இந்தக் குமரி மண்ணுக்கு அது வெறும் சிரிப்புச் செய்தியும் அல்ல. நாடார் பெண்கள் மேலாடை அணிய உரிமை கேட்டு நடந்த போராட்டத்துக்குப் பிறகு, 1859-இல் அரசு அறிவிப்பு வரவேண்டியிருந்தது. இங்கே மேல், கீழ் என்பவை வெறும் திசைச்சொற்களாக இருந்ததில்லை.

இதே பகுதிக்கு வேலை மேற்பார்வை சம்பந்தமாக இன்னொரு சொல்லும் நன்றாகத் தெரியும்: கங்காணி. கண்காணி என்பதன் பேச்சு வடிவம். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கே போன சொல் இது. இலங்கை, மலேயா தோட்டங்களுக்கு ஊரிலிருந்து ஆள் திரட்டிக்கொண்டு போனவர் கங்காணி. முன்பணம் கொடுத்துக் கூட்டிப் போவார், கடனில் வைத்திருப்பார், அங்கே வேலையையும் அவரே மேய்ப்பார். தேயிலைத் தோட்டத்தின் படிநிலையில் உச்சியில் பெரிய துரை, அடுத்து சின்ன துரை, அப்புறம் கணக்கப்பிள்ளை, அதற்கும் கீழே கங்காணி, கடைசியில் கொழுந்து பறிப்பவர்கள். இன்றைய கம்பெனி அமைப்பைப் படம் போட்டுக் காட்டச் சொன்னால் பலர் இதையேதான் வேறு பெயர்களில் வரைவார்கள்.

கங்காணி முறையில் நான் கவனிக்கும் விஷயம் கூலிக்கணக்கு. இலங்கைத் தோட்டங்களில் அன்றன்று வேலைக்கு இறங்கிய தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குக் காசு சேர்ந்தது. தலை கூடினால் வரும்படி கூடும். தொழில்நுட்பக் கம்பெனிகளில் ஹெட்கவுன்ட் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். பல இடங்களில் ஒருவருடைய பதவியின் எடை, அவருக்குக் கீழே எத்தனை பேர் என்பதை வைத்தே அளக்கப்படுகிறது. அடுத்த பதவிக்கு எட்டுப் பேர் போதாது, இருபது பேர் வேண்டும் என்றால், வேலை இருக்கிறதோ இல்லையோ ஆள் கேட்பார்கள். நுணுக்கி நுணுக்கி ஒவ்வொரு வரியையும் எட்டிப் பார்க்கும் மைக்ரோமேனேஜ்மென்ட்டுக்குத் தனியாகச் சொல் தேட வேண்டியதில்லை. கங்காணி வேலை என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும்.

இந்தத் தலைக்கணக்கைக் குறைக்கப் பெரிய கம்பெனிகளே அண்மையில் இறங்கின. 2023 மார்ச்சில் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா, தன் மேனேஜர்களில் பலரை, கீழே ஆள் இல்லாமல் தனியாக வேலை செய்பவர்களாக மாறச் சொன்னது. இரண்டு மூன்று பேரை மட்டும் வைத்திருக்கும் மேனேஜர்கள் தேவையில்லை, அதற்காக ஒருவரிடம் பத்துப் பேருக்கு மேல் சேர்க்கவும் வேண்டாம் என்பது அவர்கள் கணக்கு. 2024 செப்டம்பரில் அமேசான் தலைவர் ஆண்டி ஜாஸ்ஸி, மேனேஜர்களுக்கு எதிரே மற்ற ஊழியர்களின் விகிதத்தை, அடுத்த ஆண்டு முதல் காலாண்டு முடிவதற்குள் குறைந்தது 15 விழுக்காடு உயர்த்த வேண்டும் என்று எழுதினார். மேனேஜரே இல்லாமல் நடத்திப் பார்த்த கதையும் உண்டு. 2002-இல் கூகுள் தன் பொறியியல் பிரிவில் மேனேஜர்களை எடுத்துவிட்டது. சில மாதங்கள்தான் ஓடியது. செலவுக்கணக்குக் கையெழுத்திலிருந்து ஆளுக்கு ஆள் சண்டை வரை எல்லாமே கூகுளைத் தொடங்கியவர்களில் ஒருவரான லாரி பேஜின் மேசைக்கு வந்து சேர்ந்தன. பின்னாளில் அதே கூகுள், மேனேஜர் உண்மையில் தேவையா என்று தன் சொந்தத் தரவை வைத்து ஆராய்ந்து, தேவைதான் என்று முடிவு செய்தது. நல்ல மேனேஜரின் எட்டுப் பண்புகள் என்று முதலில் பட்டியலிட்டபோது, நன்றாகப் பயிற்சி கொடுப்பவர் என்பது முதலிடத்தில் இருந்தது. தொழில்நுட்பத் திறமை எட்டாவது. நம் ஊரில் நன்றாக கோடிங் செய்பவரைப் பிடித்து மேனேஜராக்குகிறோம்; அந்தப் பட்டியலைத் தலைகீழாகப் படித்திருப்போம் போல.

படிநிலையை மேலிருந்து கீழாகத்தான் வரைய வேண்டும் என்பதும் கட்டாயமில்லை. இன்றைய நிறுவன வரைபடங்களுக்கெல்லாம் முன்னோடி என்று சொல்லப்படுவது, 1855-இல் டேனியல் மெக்கல்லம் என்பவர் நியூயார்க் - ஈரி ரயில்பாதைக்காகத் தயாரித்த படம். ஐம்பது மைல் பாதையை ஒரு கண்காணிப்பாளர் நேரில் பார்த்தே நடத்திவிடலாம், ஐந்நூறு மைலை அப்படி நடத்த முடியாது என்பது அவருக்கு வந்த தலைவலி. அதற்காக வரைந்த படம் ஒரு மரத்தைப் போலவே இருக்கும். இயக்குநர் குழுவும் தலைவரும் அடியில், வேர்ப்பக்கம். நிலையங்களிலும் வண்டிகளிலும் வேலை செய்பவர்கள் மேலே, கிளைகளில். நிறுவனத்தைத் தாங்குபவர்கள் கீழே என்பதுதான் அந்தப் படம் சொல்வது. அதைத் தலைகீழாக்கிப் பெட்டி பெட்டியாக அடுக்கியது பின்னால் வந்தவர்களின் வேலை.

சரி, தொழில்நுட்பக் கம்பெனியில் மேலாளர் என்ற சொல் எங்கே இடறுகிறது? ப்ராடக்ட் மேனேஜரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பொறியாளர்களோடும் வடிவமைப்பாளர்களோடும் தினமும் உட்காருவார். எதை முதலில் செய்வது, எதை விடுவது என்று தீர்மானிப்பார். ஆனால் அந்தப் பொறியாளர்களின் லீவு, சம்பள உயர்வு, அப்ரைசல் எதுவும் அவர் கையில் இல்லை. அவர்களுக்கு வேறு ஒருவர் மேனேஜர். இந்தப் பதவியின் மூலத்தை 1931-க்குக் கொண்டுபோவது வழக்கம். அந்த ஆண்டு ப்ராக்டர் அண்டு கேம்பிள் சோப்புக் கம்பெனியில் நீல் மெக்கெல்ராய், ஒவ்வொரு பிராண்டுக்கும் தனியாக ஒருவர் வேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதினார். அந்த ஆள் பொறுப்பேற்க வேண்டியது ஒரு சரக்குக்கு, ஆட்களுக்கு அல்ல. இவரைத் தயாரிப்பு மேலாளர் என்றால் கேட்பவர் தவறாகத்தான் புரிந்துகொள்வார். ஊரில் மாமாவிடம் "நான் மேனேஜர்" என்றால் அடுத்த கேள்வி "உனக்குக் கீழ எத்தன பேரு மக்கா?" என்பதுதான். யாரும் இல்லை என்று சொன்னால் அவருக்கு முகம் வாடிவிடும். ப்ராஜெக்ட் மேனேஜர், ரிலீஸ் மேனேஜர், அக்கவுன்ட் மேனேஜர் ஆகியோர் கதையும் பெரும்பாலும் இதேதான். எதிர்ப்பக்கம் பார்த்தால், ஸ்டாஃப் இன்ஜினியர், பிரின்சிபல் இன்ஜினியர் என்று மூத்த பொறியாளர்களாக இருப்பவர்களுக்குக் கீழே பெரும்பாலும் ஒருவரும் இருக்கமாட்டார். சம்பளமும் சொல்லுக்கு இருக்கும் மதிப்பும் ஒரு மேனேஜருக்கு ஈடாக, சில நேரம் கூடுதலாகவே இருக்கும். ஆக, மேல் என்ற முன்னொட்டு இந்த அமைப்பில் எதையும் சரியாகச் சுட்டுவதில்லை.

என் தேர்வு பொறுப்பாளர். இது புதுச்சொல் அல்ல, கட்சி அலுவலகம் முதல் கோவில் கமிட்டி வரை புழங்குவதுதான். பொறு என்னும் வினைக்குத் தாங்குதல் என்பது பழம்பொருள். பொறுப்பு என்றால் தாங்குகிற பாரம். ஆளைத் தாங்குபவரும் பொறுப்பாளர், சரக்கைத் தாங்குபவரும் பொறுப்பாளர், குறித்த தேதியில் வேலையை முடிக்கும் சுமையைத் தாங்குபவரும் பொறுப்பாளர்தான். எதற்குப் பொறுப்பு என்பதை முன்னால் சேர்த்துவிட்டால் குழப்பம் போய்விடும். இன்ஜினியரிங் மேனேஜர் பொறியாளர் குழுப் பொறுப்பாளர். ப்ராடக்ட் மேனேஜர் தயாரிப்புப் பொறுப்பாளர். ப்ராஜெக்ட் மேனேஜர் திட்டப் பொறுப்பாளர்.

இதற்கு எல்லைப் பக்கத்திலிருந்தே ஒரு துணைச்சான்றும் கிடைக்கிறது. மலையாளத்தில் பொறுப்புக்கு உள்ள சொல் சுமதல. நம் சுமையும் அவர்களின் சுமடும் பிறந்த அதே சும என்னும் அடிதான் அதிலும் இருக்கிறது. தமிழ்ப் பத்திரிகையில் புதிய கலெக்டர் பொறுப்பேற்றார் என்று வருகிற அதே நாளில், மலையாளப் பத்திரிகையில் சுமதலயேற்று என்று வரும். இரண்டு மொழிகளும் தனித்தனியாக யோசித்து, பதவி என்றால் பாரம் என்ற அதே இடத்துக்கு வந்திருக்கின்றன. மேலாளர் என்ற சொல்லைக் கேட்டுத் துணுக்குறும் மலையாளிக்குப் பொறுப்பாளர் என்பதை விளக்கிச் சொல்ல அரை நிமிடம் போதும்.

ஒரு தடை உண்டு. அரசு வழக்கில் பொறுப்பு என்று போட்டால் தற்காலிகம் என்று பொருள். பொறுப்புத் தலைமையாசிரியர் என்றால் நிரந்தரமானவர் இன்னும் வரவில்லை என்று ஊருக்கே தெரியும். விசிட்டிங் கார்டில் பொறுப்பாளர் என்று போட்டால் ஆக்டிங் மேனேஜர் என்று யாராவது நினைப்பார்களோ என்ற கூச்சம் நியாயமானதுதான். ஆனால் அந்தப் பொருள் பொறுப்பு என்ற சொல் பதவிப் பெயருக்கு முன்னாலோ அடைப்புக்குறிக்குள்ளோ நிற்கும்போதுதான் வருகிறது. ஆளர் சேர்ந்தபின் அந்த வாடை இல்லை. மாவட்டப் பொறுப்பாளரை யாரும் தற்காலிகமானவர் என்று நினைப்பதில்லை.

நிர்வாகி என்ற சொல்லைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது அலுவலகக் கோப்புக்கும் சங்கத்துக்கும் பொருந்தும், மென்பொருள் குழுவுக்கு ஒட்டாது. மேற்பார்வையாளர் என்பது சூப்பர்வைசருக்குச் சரியான நேர்ச்சொல். சூப்பர் என்றால் மேல், வைசர் பகுதியில் இருப்பது பார்வை. அதை அங்கேயே விட்டுவிடலாம்.

மிச்சம் இருப்பது எதிர்முனைச் சொல். மேனேஜருக்கு எதிரே இருப்பவரை ஆங்கிலத்தில் டைரக்ட் ரிப்போர்ட் என்கிறார்கள். தமிழில் "எனக்குக் கீழே வேலை செய்பவர்" என்பதைத் தவிர இன்னும் நல்ல வழக்கு உருவாகவில்லை. என் குழுவில் இருப்பவர் என்று சொல்லலாம், ஆனால் யாருடைய அப்ரைசலை யார் எழுதுகிறார்கள் என்ற தகவல் அதில் வருவதில்லை. என் பொறுப்பில் இருப்பவர் என்றால் அந்தத் தகவல் வந்துவிடுகிறது. கொஞ்சம் பள்ளி விடுதி வார்டன் பேசுவது போலவும் இருக்கிறது. அதைவிட நல்லது கிடைக்கும்வரை நான் அதைத்தான் எழுதப்போகிறேன்.