அடுத்த கமிட்டில் அழித்தால் போகாது, தம்பிகளே

இந்த மாதமும் கசிந்த கீ ஒன்று வந்துவிட்டது. மொரிசியஸின் ரோஸ் ஹில்லைச் சேர்ந்த ஒரு தம்பி, டெர்மினலில் (கட்டளை தட்டும் திரையில்) ஓடும், மொழி மாடலை வைத்து நிரல் எழுத உதவும் திறமூலக் கருவி ஒன்றுக்குத் தன் முதல் புல் ரிக்வெஸ்ட்டை, அதாவது தன் மாற்றங்களைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் கோரிக்கையை, கிட்ஹப்பில் அனுப்பியிருந்தார். வேலை சுத்தம். ஆனால் கூடவே அவர் அலுவலகத்தின் ஏபிஐ கீயும், அதாவது மாடல் சேவையைத் திறக்கும் ரகசியச் சாவியும், வந்திருந்தது. உடனே செய்தி அனுப்பினேன். பதில் வந்தது: "பரவாயில்லை அண்ணா, அடுத்த கமிட்டிலேயே எடுத்துட்டேன்."

(கமிட் என்பது கிட் மென்பொருளில் மாற்றங்களைப் பதிவுசெய்யும் ஒரு படி.) இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. பகலில் எபென் சைபர்சிட்டியில் பாதுகாப்பு வேலை, மாலையில் இதே கருவிக்கு வரும் இஷ்யூக்களையும் (பிழைப் புகார்களையும்) புல் ரிக்வெஸ்ட்களையும் பார்த்துத் தருவது என்று ஓடுகிறது என் பொழுது. புயல் எச்சரிக்கை மூன்றாம் நிலைக்குப் போய் எல்லோரும் வீட்டில் அடைந்து கிடக்கும் நாட்களில் நம்மூரிலிருந்து பங்களிப்புகள் கூடுதலாக வரும். மகிழ்ச்சிதான். கூடவே கீகளும் வருகின்றன.

அவர் செய்தது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது மெச்ச வேண்டிய வேலை. இந்தக் கருவிகளில் தமிழில் தட்டச்சு செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், கர்சர் ஓரிடத்தில் நிற்கும், எழுத்து வேறிடத்தில் விழும். 'ஸ்ரீ' நமக்கு ஓர் எழுத்து. யூனிகோடில் நான்கு குறியீடுகள். ஒவ்வொரு குறியீட்டுக்கும் திரையில் எத்தனை கட்டம் என்று நிரல் ஒரு கணக்குப் போடும், டெர்மினல் இன்னொரு கணக்குப் போடும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பேக்ஸ்பேஸ் அடிக்கும்போது பாதி எழுத்து தொங்கும். கிரியோலில் பேசி, பிரெஞ்சில் மின்னஞ்சல் எழுதி, ஆங்கிலத்தில் கமிட் செய்தி போடும் நம் பிள்ளைகளில் ஒருவர் இதைக் கவனித்துச் சரிசெய்ய உட்கார்ந்தார் என்பதே பெரிய விஷயம். பிழையைத் துரத்தும்போது, கீ அடங்கிய டீபக் லாகை (நிரல் ஓடியதன் பதிவை) அதே ஃபோல்டரில் சேமித்திருக்கிறார். கடைசியில் 'கிட் ஆட் புள்ளி', ஃபோல்டரில் உள்ள எல்லாவற்றையும் சேர்க்கும் கட்டளை. முடிந்தது கதை.

சரி, அந்த "எடுத்துட்டேன்" விஷயத்துக்கு வருவோம். கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு கமிட்டிலும் அந்த நேரத்தில் கோப்புகள் எப்படி இருந்தன என்பது முழுதாகப் பதிவாகிறது. கடைக் கணக்கு நோட்டில் நேற்றைய பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, இன்றைய பக்கத்தில் அந்த வரியை எழுதாமல் இருப்பது போன்றதுதான் நீங்கள் செய்தது. நோட்டைத் திருப்பினால் நேற்றைய பக்கம் இருக்கும். அதைவிட மோசம், 'கீயை நீக்கினேன்' என்று கமிட் செய்தியும் எழுதிவைக்கிறீர்கள். தேடுபவனுக்கு வேலை மிச்சம்.

இதைச் சொன்னால் அடுத்து வருவது: "அப்படின்னா ஃபோர்ஸ் புஷ் பண்றேன்." செய்யுங்கள். புதிய வரலாறு பழையதன் மேல் வலுக்கட்டாயமாக ஏறி, உங்கள் கிளையிலிருந்து பழைய கமிட் மறையும், அவ்வளவுதான். அதன் ஹாஷ் (கமிட்டின் அடையாள எண்) தெரிந்தவர் கிட்ஹப்பில் அதைத் திறந்து பார்க்கலாம். புல் ரிக்வெஸ்ட் பக்கத்திலேயே ஃபோர்ஸ் புஷ் நடந்ததாகப் பழைய ஹாஷுடன் ஒரு வரி நிற்கும். "ஃபோர்க்கையே அழிச்சிடறேன்." ஃபோர்க்கும் (நீங்கள் எடுத்த நகல்) மூல ரெப்போவும் (அசல் களஞ்சியம்) பின்னால் ஒரே கிடங்கைப் பகிர்கின்றன. ஃபோர்க் போன பிறகும் அந்தக் கமிட்டை மூல ரெப்போவின் முகவரி வழியாக எட்டலாம் என்பதை 2024 ஜூலையில் ட்ரஃபிள் செக்யூரிட்டி என்ற நிறுவனம் விரிவாகவே காட்டியது. கிட்ஹப் இதைப் பிழையாகக் கருதவில்லை, அமைப்பே அப்படித்தான். "பிரைவேட் ஆக்கிடறேன்." பொது ரெப்போவின் ஃபோர்க்கை பிரைவேட் ஆக்க முடியாது. புல் ரிக்வெஸ்ட் திறந்த கணமே அதற்கான சுட்டி மூல ரெப்போவில் விழுந்துவிடுகிறது. அதை நீங்களும் நீக்க முடியாது, ரெப்போவைப் பராமரிக்கும் மெயின்டெய்னரும் நீக்க முடியாது, கிட்ஹப் ஆதரவுக் குழுவுக்குத்தான் எழுத வேண்டும்.

இஷ்யூவிலோ கமென்ட்டிலோ லாகை ஒட்டியிருந்தால் இன்னும் வேடிக்கை. அந்த ரெப்போவைப் பின்தொடர்பவர்களுக்கு அது மின்னஞ்சலாகப் போய்ச் சேர்ந்திருக்கும். நீங்கள் திருத்துவது வலைப்பக்கத்தை மட்டும், அங்கும் 'திருத்தப்பட்டது' என்பதைத் தட்டினால் பழைய வடிவம் தெரியும்.

"யாருண்ணா உட்கார்ந்து இதையெல்லாம் பார்க்கப் போறாங்க?" ஆள் பார்ப்பதில்லை. பொது ரெப்போக்களில் விழும் ஒவ்வொரு புஷ்ஷையும் (ஏற்றப்படும் மாற்றத்தையும்) மேய்வதற்கென்றே பாட்கள் (தானியங்கி நிரல்கள்) ஓடுகின்றன. நார்த் கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் தேடியபோதே இப்படிக் கசிந்தவை 1,00,000-க்கும் மேற்பட்ட ரெப்போக்களில் கிடைத்தன. மொழி மாடல்களின் கீகள் அப்போது சந்தையிலேயே இல்லை. இன்று திருடிய கீயை வைத்து நிமிடங்களில் பில்லை ஏற்ற முடியும்.

கிட்ஹப்பே தடுத்துவிடும் என்ற நம்பிக்கையும் பாதிதான் சரி. 2024 முதல் பொது ரெப்போக்களுக்கான புஷ் பாதுகாப்பு தானாகவே இயங்குகிறது. ஆனால் அதற்குத் தெரிந்த வடிவத்தில் உள்ள கீகளைத்தான் பிடிக்கும். உங்கள் அலுவலகம் தானே நடத்தும் ப்ராக்ஸியின் (மாடல் சேவைக்கு முன்னால் நிற்கும் இடைநிலைச் சர்வரின்) கீ எப்படி இருக்கும் என்று அதற்கு எப்படித் தெரியும்? இந்தத் தம்பியுடையது அப்படிப்பட்டதுதான்.

ஆகவே கசிந்துவிட்டது என்று தெரிந்ததும் முதல் வேலை, கீயை ரத்து செய்வது. கமிட்டைத் தொடாதீர்கள், மன்னிப்புக் கமென்ட் எழுதாதீர்கள். ரத்து, பிறகு புதிய கீ, அப்புறம் பழைய கீ எங்கெல்லாம் பயன்பட்டது என்று பயன்பாட்டுப் பதிவைப் பார்ப்பது. கிட் ஃபில்டர்-ரெப்போ வைத்து வரலாற்றைச் சுத்தம் செய்வதெல்லாம் அதற்குப் பிறகு, நேரமிருந்தால். செத்த கீ வரலாற்றில் கிடந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

இந்தக் கருவிகளுக்கே உரிய ஒரு பொறியும் உண்டு. எய்டர் என்ற கோடிங் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். உரையாடல் முழுவதையும் புள்ளியில் தொடங்கும் பெயருள்ள ஒரு மார்க்டவுன் கோப்பாக ரெப்போவின் வேரிலேயே எழுதிவைக்கும். சாதாரணமாகப் பட்டியலிட்டால் கண்ணில் படாது. சூழல் மாறிகளை (கீ போன்ற அமைப்புகளைக் கணினி வைத்திருக்கும் இடத்தை) அச்சிடும் கட்டளையை உள்ளிருந்தே ஓட்டி, வெளியீட்டை உரையாடலில் சேர்க்கச் சம்மதித்தால், கீ அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். தன் கோப்புகளை கிட்இக்னோரில் (கிட் கண்டுகொள்ளாமல் விட வேண்டிய கோப்புகளின் பட்டியலில்) சேர்க்கட்டுமா என்று எய்டர் கேட்கத்தான் செய்கிறது. அடுத்தவர் ரெப்போவின் கிட்இக்னோரை மாற்றினால் அது புல் ரிக்வெஸ்ட்டில் தேவையில்லாமல் தெரியுமே என்று வேண்டாம் சொல்லிவிடுகிறார்கள். அந்தத் தயக்கம் நியாயமானது. அதற்குத்தான் கிட் ஃபோல்டருக்குள் இன்ஃபோ, அதற்குள் எக்ஸ்க்ளூட் என்று ஒரு கோப்பு இருக்கிறது. அதில் எழுதினால் உங்கள் கணினியோடு நின்றுவிடும். ஏற்கெனவே கமிட் ஆன கோப்புக்கு இரண்டுமே உதவாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

'கிட் ஆட் புள்ளி'யை மறந்துவிடுங்கள், தயவுசெய்து. கோப்பின் பெயரைச் சொல்லிச் சேருங்கள், கமிட்டுக்கு முன் ஸ்டேஜ் ஆனதை (கமிட்டுக்கெனச் சேர்த்ததை) ஒருமுறை டிஃப் போட்டு, அதாவது மாற்றங்களை மட்டும் காட்டச் செய்து, படியுங்கள். கிட்லீக்ஸ் போன்ற ரகசியம் தேடும் கருவி ஒன்றை ப்ரீ-கமிட் ஹூக்காக (ஒவ்வொரு கமிட்டுக்கும் முன் தானாக ஓடும்படி) மாட்டிவையுங்கள். லாகை ஒட்டும் முன் ஆதரைசேஷன் ஹெட்டர் (கீ இருக்கும் வரி) இருக்கிறதா என்று தேடுங்கள். ஸ்கிரீன்ஷாட்டுக்கும் இதே விதி. திறமூல வேலைக்குச் செலவு வரம்பு வைத்த, சொந்தமான, தனிக் கீ போதும். கர்சர் எங்கே நிற்கிறது என்று பார்க்க மாடலே தேவையில்லை, அலுவலகக் கீ எதற்கு? மாடல் வேண்டுமென்றால் ஒல்லாமா வைத்து உங்கள் மடிக்கணினியிலேயே ஓட்டுங்கள்.

கசிந்தது அலுவலகத்துடையது என்றால் மேலாளரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். திட்டு விழும், விழட்டும். அந்தக் கீ வாடிக்கையாளர்களின் தனிப்பட்ட தகவல்களைத் தொடுவதாக இருந்தால், மொரிசியஸின் 2017 தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி இயன்றவரை 72 மணி நேரத்துக்குள் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டிய பொறுப்பு நிறுவனத்துக்கு இருக்கிறது. அது தெரிந்த நேரத்திலிருந்து ஓடும் கடிகாரம். வெள்ளிக்கிழமை மாலை நீங்கள் அறிந்ததை திங்கட்கிழமை காலை சொன்னால், அந்த நேரமும் கணக்கில் வந்து, அவர்களுக்கு மிஞ்சுவது சில மணி நேரமாகவே இருக்கலாம்.