கட்டைவிரல் அளவு காயிலில் 15,000 வோல்ட்

மாடல் பெட்ரோல் எஞ்சின் செய்கிறவர்கள் பிஸ்டன், கிராங்க் எல்லாவற்றையும் தாங்களே லேத்தில் கடைந்துவிடுவார்கள். பெட்ரோலைப் பற்றவைக்கும் மின்பொறிக்கு வரும்போது மட்டும், அதற்கு வேண்டிய உயர் வோல்டேஜைத் தரும் கம்பிச்சுருளான மோட்டார் சைக்கிள் இக்னிஷன் காயிலை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். எஞ்சின் உள்ளங்கையில் அடங்கும், காயில் அடங்காது. அந்த எஞ்சினுக்கு ஏற்ற சின்ன காயிலை வீட்டிலேயே சுற்றலாம். ஆனால் கம்பியைக் கையில் எடுக்கும் முன், காயில் என்ன வேலை செய்கிறது என்பது பிடிபட வேண்டும். அது வெறும் டிரான்ஸ்ஃபார்மர் என்று நினைத்துச் சுற்றினால் கவனம் தவறான இடத்துக்குப் போய்விடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நடுவில் இரும்புக் கோர். அதன்மேல் தடித்த கம்பியில் 200 சுற்று பிரைமரி, இது பேட்டரிப் பக்கச் சுருள். அதற்கு மேல் மெல்லிய கம்பியில் 10,000 சுற்று செகண்டரி, இது பிளக்குக்குப் போகும் சுருள். விகிதம் 1:50. 6 வோல்ட் பேட்டரியை 50 மடங்காக்கினாலும் 300 வோல்ட்தான் வருகிறது. ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியோ அரை மில்லிமீட்டர். சாதாரணக் காற்றில் 1 மில்லிமீட்டரைத் தாண்டவே சுமார் 3,000 வோல்ட் வேண்டும். சிலிண்டருக்குள் கலவை ஆறில் ஒரு பங்காக அமுங்கியிருக்கும்போது, அந்த அரை மில்லிமீட்டர் வெளிக்காற்றின் 3 மில்லிமீட்டருக்குச் சமம். ஆக, 10,000 வோல்ட்டை நெருங்க வேண்டும். 300 எங்கே, 10,000 எங்கே?

பதில் பாயிண்ட் திறக்கும் கணத்தில் இருக்கிறது. எஞ்சின் சுழலச் சுழல பிரைமரியின் மின்னோட்டத்தை இணைத்தும் துண்டித்தும் விடும் ஸ்விட்ச்தான் பாயிண்ட். பாயிண்ட் மூடியிருக்கும்போது பிரைமரியில் மின்னோட்டம் மெல்ல ஏறி, கோரைச் சுற்றிக் காந்தப் புலம் உருவாகிறது. ஆற்றல் அந்தப் புலத்தில் சேமிப்பாகிறது. பாயிண்ட் திறந்ததும் புலம் சரிகிறது. புலம் எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அவ்வளவு வோல்டேஜ் தூண்டப்படும் என்பது ஃபாரடே 1831-ல் கண்டது. நீளமான குழாயில் ஓடும் தண்ணீரை வால்வைப் பட்டென்று மூடி நிறுத்தினால் குழாய் அதிர்கிறதே, அதுபோலத்தான். ஓட்டத்தைத் திடீரென்று தடுத்ததில் அழுத்தம் எகிறுகிறது. பிரைமரியிலேயே 300 வோல்ட்டுக்கு மேல் எழும். 50 மடங்கு பெருகுவது அதுதான், பேட்டரியின் 6 வோல்ட் அல்ல.

இங்கே மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் கண்டென்சர் வருகிறது. அது இல்லாவிட்டால், பிரியத் தொடங்கிய பாயிண்ட்டுகளுக்கு நடுவே வில்போல மின்பொறி பாய்ந்து, மின்னோட்டம் அந்த வழியே தொடர்ந்து ஓடும். புலமும் நிதானமாகச் சரியும், பிளக்கில் ஒன்றும் நடக்காது. பாயிண்ட்டுக்கு இணையாக 0.2 மைக்ரோஃபாரட் கண்டென்சர் வைத்தால், முதல் சில மைக்ரோவினாடிகளுக்கு மின்னோட்டம் அதற்குள் போய்விடும். அதற்குள் பாயிண்ட் போதுமான அளவு விலகிவிடும். நிக்கலஸ் கேலன் 1836-ல் தூண்டல் சுருளைச் செய்தார். மின்னோட்டத்தை முறிக்கும் இடத்தில் கண்டென்சரைச் சேர்த்தது 1853-ல் ஃபிஸோ. இந்த ஏற்பாட்டைச் சார்லஸ் கெட்டரிங் கார் எஞ்சினுக்குக் கொண்டுவந்தார், 1912 கேடிலாக்கில் அது ஓடியது. நாம் சுற்றப்போவதும் அதே சர்க்யூட்தான்.

சேமிப்பு எவ்வளவு? பிரைமரியின் இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் தன்மை) 1.5 மில்லிஹென்றி, சர்க்யூட்டின் மொத்த மின்தடை 1.5 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 6 வோல்ட்டில் 4 ஆம்பியர் வரை ஓடும். ஆற்றல் ½LI² (L இண்டக்டன்ஸ், I மின்னோட்டம்), அதாவது 12 மில்லிஜூல். சரியான விகிதத்தில் கலந்த பெட்ரோல் ஆவியும் காற்றும் பற்ற அரை மில்லிஜூல்கூடத் தேவையில்லை. ஆனாலும் கலவை ஒரே சீராக இருப்பதில்லை, பிளக்கில் கரி படிகிறது, கோரிலும் கம்பியிலும் இழப்பு இருக்கிறது. அதனால் இந்தத் தாராளம் வேண்டும். இந்த 12 மில்லிஜூல் முழுவதும் 0.2 மைக்ரோஃபாரட் கண்டென்சரில் ஏறினால் 346 வோல்ட். 50 மடங்கு என்றால் சுமார் 17,000. செகண்டரிக்கும் பிளக் ஒயருக்கும் உள்ள கெபாசிட்டன்ஸும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். பிளக் பொறிவிடாமல் இருந்தால் 15,000 வரை எழ வாய்ப்புண்டு.

வேகம் கூடினால் இந்தக் கணக்கு மாறும். மின்னோட்டம் முழு அளவில் 95 சதவீதத்தை எட்ட 3 மில்லிவினாடி பிடிக்கும். நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடும் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் பொறிக்கும் பொறிக்கும் நடுவே 20 மில்லிவினாடி இருக்கிறது, கவலையில்லை. 12,000 சுற்றில் ஓடும் இரண்டு ஸ்ட்ரோக்கில் அது 5 மில்லிவினாடிதான். பாயிண்ட் அதில் கால்வாசி நேரம் மட்டும் மூடியிருந்தால் மின்னோட்டம் 71 சதவீதத்தில் நின்றுவிடும், ஆற்றல் பாதியாகிவிடும். அதிவேகத்தில் தடுமாறும் எஞ்சினில் கார்புரேட்டரைத் திருகும் முன் பாயிண்ட் மூடியிருக்கும் நேரத்தைப் பாருங்கள்.

கோருக்கு 7 மில்லிமீட்டர் விட்டத்தில், மெல்லிய தேனிரும்புக் கம்பிகளைக் கட்டாகக் கட்டலாம், சிலிகான் ஸ்டீல் தகடுகளையும் அடுக்கலாம். முழு இரும்புத் தண்டு வேண்டாம், சுழல் மின்னோட்டம் ஆற்றலைத் தின்றுவிடும். பிரைமரிக்கு 0.35 மி.மீ. எனாமல் கம்பி, லேயருக்கு நூறாக இரண்டு லேயர். இதெல்லாம் அரை மணி நேர வேலை.

பொறுமையைச் சோதிப்பது செகண்டரி. 0.06 மி.மீ. கம்பி. வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால்தான் கண்ணுக்கே தெரியும். ஏறக்குறைய 60 கிராம் இழுப்பில் அறுந்துவிடும், அதற்கு முன்பே நீள ஆரம்பித்துவிடும். அதனால் ரீலைச் சுழல விடக்கூடாது. நட்டுக்குத்தாக நிறுத்தி, அதன் தலைப்பக்கமாகக் கம்பியை உருவ வேண்டும். இரு விரல்களுக்கு நடுவே ஒரு துண்டு ஃபெல்ட் துணி, அதுதான் பிரேக். தையல் மெஷின் மோட்டார் சுற்றுவதற்குப் போதும். எண்ணிக்கைக்கு ஒரு பழைய வழி இருக்கிறது: சுழலும் தண்டில் ஒரு காந்தம், எதிரே காந்தம் நெருங்கினால் மூடிக்கொள்ளும் ஒரு ரீட் ஸ்விட்ச், அதன் இரு முனைகளும் ஒரு மலிவான கால்குலேட்டரின் சமக்குறி பட்டனில். ஒன்றோடு ஒன்றைக் கூட்டச் சொல்லிவிட்டால், அப்புறம் ஒவ்வொரு சுற்றுக்கும் அது தானாகவே ஒன்றைக் கூட்டிக்கொண்டு போகும்.

ஏன் லேயர் லேயராகச் சுற்ற வேண்டும், மனம்போனபடி சுற்றினால் என்ன? 15,000 வோல்ட்டை 10,000 சுற்றுக்குப் பங்கிட்டால் சுற்றுக்கு 1.5 வோல்ட்தான். அடுத்தடுத்த சுற்றுகளுக்கு எனாமல் தாராளமாகப் போதும். ஆனால் லேயருக்கு 300 சுற்று என்றால், ஒரு லேயரின் தொடக்கமும் அதற்கு மேல் திரும்பி வரும் லேயரின் முடிவும் ஒன்றின்மேல் ஒன்றாக விழும். இடையில் 600 சுற்று, அதாவது 900 வோல்ட். இவ்வளவு மெல்லிய எனாமல் அதைத் தாங்கும் என்று நம்ப முடியாது. ஒவ்வொரு லேயருக்கும் மேலே பாலியெஸ்டர் ஃபிலிமோ பாலிஇமைட் டேப்போ ஒரு சுற்றுப் போட வேண்டும். விளிம்பில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெறுமனே விட வேண்டும், இல்லாவிட்டால் பொறி ஓரமாக ஊர்ந்து போய்விடும். முப்பத்துச் சொச்சம் லேயர் வரும். கம்பியின் மொத்த நீளம் அரைக் கிலோமீட்டரை நெருங்கும், மல்டிமீட்டர் 3,000 ஓம் அளவில் காட்டும்.

ஒரே ஒரு சுற்று தன்னோடு ஷார்ட் ஆனாலும் போச்சு. மின்தடையில் வித்தியாசமே தெரியாது, ஆனால் சரியும் புலத்தின் ஆற்றலை அந்த ஒற்றை வளையம் வாங்கிக்கொள்ளும். காயிலைச் சுற்றிப் பித்தளைக் குழாயை அழகுக்கு மாட்டுவதும் அதேதான், அதுவும் ஷார்ட்டான ஒரு சுற்று. பிளாஸ்டிக் உறை போடுங்கள், உலோகம்தான் வேண்டுமென்றால் நீளவாக்கில் ஒரு பிளவு விடுங்கள்.

சுற்றி முடித்த காயிலைக் காப்புக்காக எபாக்சி பிசின் ஊற்றி மூட வேண்டும். பல காயில்கள் சாவது சுற்றும்போது அல்ல, எபாக்சி ஊற்றும்போது. உள்ளே சிக்கிய காற்றுக் குமிழிக்குள் மின்புலம் சுற்றியுள்ள எபாக்சியைவிட அதிகமாக இருக்கும். தாங்கும் சக்தியோ காற்றுக்குத்தான் குறைவு. ஒவ்வொரு பொறியின்போதும் குமிழிக்குள் ஒரு நுண்ணிய மின்னிறக்கம் நிகழ்ந்து, சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். முதல் நாள் அருமையாக ஓடிய காயில் சில வாரங்களில் அடங்கிப்போவதற்கு இதுவே முக்கியக் காரணம். எபாக்சியை இளஞ்சூடாக்கி, நீர்த்த பதத்தில் ஊற்றி, வாக்குவம் பம்பில் வைத்து, நுரை பொங்கி அடங்கும்வரை விடுங்கள். இந்த ஒரு படியை மட்டும் யாரும் தவிர்க்க வேண்டாம் என்பேன்.

முதல் சோதனைக்கு உயரழுத்த ஒயரின் முனையைத் தரை இணைப்பிலிருந்து 5 மி.மீ. தள்ளி நிலையாகப் பொருத்துங்கள். பொறி தாவினால் நல்ல காயில். ஒயரைச் சும்மா தொங்க விட்டு ஒருபோதும் ஓட்டாதீர்கள். வெளியே போக வழியில்லாத ஆற்றல் வோல்டேஜை ஏற்றிக்கொண்டே போய் உள்ளேயே காப்பைத் துளைத்துவிடும். பொறி கிடைத்ததும் பேட்டரியின் இணைப்பை மாற்றிப் பாருங்கள். பிளக்கின் நடு மின்முனை எதிர்மின்னாக இருக்கும்போது குறைந்த வோல்டேஜிலேயே பொறி பாயும். ஏனென்றால் சூடான அந்த முனையிலிருந்து எலக்ட்ரான்கள் எளிதாகக் கிளம்பும்.