பிள்ளைக்கு ஏன் மஞ்சள் பூக்கிறது?

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் என் தங்கைக்குப் பிள்ளை பிறந்த மூன்றாம் நாள், வீட்டுக்கு வந்த அரசாங்க கிளினிக் தாதி பிள்ளையின் மூக்கு நுனியை விரலால் லேசாக அழுத்தி எடுத்தார். வெளுக்க வேண்டிய இடம் மஞ்சளாக இருந்தது, மஞ்சள் காமாலை. "காலை வெயில்ல கொஞ்ச நேரம் காட்டுனா போயிடும்" என்றார் அம்மா. "வெயில நம்ப வேணாம்மா, ரத்தம் எடுத்துப் பாத்துடலாம்" என்றார் தாதி. அவர் சொன்னதுதான் சரி, ஏன் என்று சொல்கிறேன்.

ரத்தச் சிவப்பணுவுக்கு ஆயுள் சுமார் 120 நாள். பழையதை உடல் உடைக்கும்போது அதிலுள்ள ஹீம் முதலில் பச்சை நிற பிலிவெர்டினாகவும் அப்புறம் மஞ்சள் நிற பிலிரூபினாகவும் மாறுகிறது. முட்டியில் அடிபட்ட இடம் கன்றிக் கறுத்து, பச்சை படர்ந்து, கடைசியில் மஞ்சளாகி மறையுமே, அதுவும் இதே மாற்றம்தான். பிலிரூபின் தண்ணீரில் கரையாது என்பதால் அல்புமின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டுதான் கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் அதோடு குளுகுரோனிக் அமிலத்தைச் சேர்த்துக் கரைய வைத்து, பித்தத்தோடு குடலுக்கு அனுப்புகிறது. மலத்தின் பழுப்பும் சிறுநீரின் இளமஞ்சளும் அதிலிருந்து வருபவை.

பிறந்த பிள்ளைக்குச் சிவப்பணு சீக்கிரம் உடைகிறது, அமிலத்தைச் சேர்க்கும் நொதியோ இன்னும் முழு வேகத்துக்கு வரவில்லை. அதனால் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு மஞ்சள் பூக்கிறது, பெரும்பாலும் தானாகவே குறைந்தும் விடுகிறது. சிவப்பணுவைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருந்தால் பயம் அதிகம், சிவப்பணு மளமளவென்று உடையும். மலேசியாவில் தொப்புள்கொடி ரத்தத்தில் அதைச் சோதிப்பதும், அந்துருண்டை போட்டு வைத்த துணியைப் பிள்ளைக்கு உடுத்தாதே என்று சொல்வதும் இதற்காகத்தான். பிலிரூபின் அளவு மீறி ஏறினால் மூளைக்குள் படிந்து, காது கேளாமையும் கைகால் அசைவில் கோளாறும் நிரந்தரமாக வந்துவிடலாம்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையின் கண்ணைத் துணியால் மூடி, உடுப்பைக் கழற்றி நீல விளக்கின் கீழ் படுக்க வைத்தார்கள். அந்த ஒளி பிலிரூபின் மூலக்கூறின் வடிவத்தையே மாற்றுகிறது, மாறியது கல்லீரல் அமிலத்தைச் சேர்க்காமலே கரைந்து வெளியேறுகிறது. இங்கிலாந்தில் 1950களில், வெயில் பட்ட பிள்ளைகளின் தோலில் மஞ்சள் குறைவதை ஒரு தாதி கவனித்ததில் தொடங்கிய வைத்தியம் இது. ஆக அம்மா சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை, ஆனால் வெயிலில் எவ்வளவு ஒளி படுகிறது என்று யாரும் அளக்க முடியாது, பிள்ளைக்கு உடம்பு சூடாகித் தோலும் கருகலாம்.

பெரியவர்களுக்குக் கண் மஞ்சளானால் சிறுநீரையும் மலத்தையும் பாருங்கள். சிறுநீர் தே ஓ (பால் இல்லாத தேநீர்) மாதிரி கறுத்தால், கல்லீரல் கரைய வைத்த பிலிரூபின் குடலுக்குப் போகாமல் ரத்தத்துக்கே திரும்புகிறது என்று பெரும்பாலும் அர்த்தம், கல்லீரல் அழற்சியிலும் பித்தக்குழாய் அடைப்பிலும் இப்படி ஆகும். மலமும் சுண்ணாம்பு போல வெளுத்தால் பித்தக்கல்லோ வேறு அடைப்போ இருக்கலாம். கீழாநெல்லி அரைத்துக் குடித்து நாளைக் கடத்தக் கூடாத இடம் இது. கொழுப்புக் கல்லீரலோ முற்றும் வரை மஞ்சளே காட்டாது. கல்லீரலைத் தாக்கும் ஹெப்பாடைட்டிஸ் பி வைரஸும் பல வருஷம் சத்தமில்லாமல் இருக்கும், அதற்கான தடுப்பூசியை மலேசியாவில் 1989 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் போடுகிறார்கள்.

பிள்ளைக்கு 14 நாள் தாண்டியும் மஞ்சள் போகவில்லை, மலமும் வெளுத்திருக்கிறது என்றால் பித்தக்குழாயே அடைந்திருக்கலாம், அதற்கான அறுவை சிகிச்சையை இரண்டு மாதத்துக்குள் செய்தால் பலன் அதிகம். தங்கை தினமும் டயப்பரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பதினைந்தாம் நாளும் அரைத்த கடுகு நிறம்தான், வெளுக்கவில்லை.